பர்வதிப் படிகளும் மண்டயிக் கீரைகளும்

புனே நகருக்கு வரும் நம்மவர் சனிவார்வாடாவைப் பார்ப்பர். ஆகாகான் மாளிகையைப் பார்ப்பர். ஓய்விருந்தால் சிங்ககட் கோட்டைக்கும் போய் வருவர். பர்வதிக் குன்றையும் மகாத்மா புலே மண்டயியையும் அக்கறையோடு தேடிச் செல்வோர் சிலரே. நான் சென்ற ஓராண்டாக இவ்விரண்டு இடங்களுக்கும் வாரத்தில் ஐந்து நாள் போய் வருகிறேன். காட்சி காண்பதற்காக அன்று; மருத்துவர் சொன்னதற்காக.

எனக்கு வயது முப்பத்தாறு. ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். பாதி நாள் இரவு வேலை. மற்றவர் சுமக்கும் மூட்டைக்குச் சீட்டு எழுதுவதே என் தொழில், சுமப்பதன்று. சென்ற ஆண்டு நடந்த பரிசோதனையில் என் எடை 84 கிலோ என்றும், வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 112 என்றும் தெரிந்தது. நூறு முதல் நூற்றிருபத்தைந்து வரை நீரிழிவின் வாசல், அதற்கு மேல் நீரிழிவே என்று மருத்துவர் விளக்கினார். என் தந்தையார் அந்நோயினால் காலில் மூன்று விரல்களை இழந்து, ஐம்பத்து நான்காம் வயதில் காலமானவர். ஆகையால் வாசல் என்ற சொல் எனக்கு வெறும் சொல்லாக இல்லை. வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள்.

மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. ஆறு மாத அவகாசம் கொடுத்தார். தட்டில் பாதி காய்கறியாக இருக்கவேண்டும்; சோறு பாதியாகக் குறையவேண்டும்; எண்ணெயும் உப்பும் அளந்து புழங்கவேண்டும்; வியர்க்க நடக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் அளவும் இதுவே: வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்த நடை, நாளொன்றுக்குக் காயும் கனியுமாக 400 கிராம், உப்பு 5 கிராமுக்குள். சொல்வதற்கு எளிது. நானூறு கிராம் காயைத் தராசில் வைத்துப் பாருங்கள்; சாம்பாரில் மிதக்கும் நான்கு முருங்கைத் துண்டுகளோடு அது நில்லாது.

நடைக்குப் பர்வதியைத் தேர்ந்தேன். நகரின் தென்புறத்திலுள்ள குன்று இது. அகலமான கற்படிகள் 103. உச்சியிலுள்ள கோயில் 1749-இல் நானாசாகேப் பேஷ்வா கட்டியது. பானிபட்டுத் தோல்விக்குப் பிறகு மனமுடைந்த அவர் 1761-இல் இங்கேயே உயிர் துறந்தார். 1817-இல் கட்கிப் போரைக் கடைசிப் பேஷ்வா இக்குன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பர். இவ்வளவு துயரம் கண்ட குன்றில் இன்று விடியற்காலையில் காண்பது என்ன? தலையில் கம்பளிக் குல்லாய் அணிந்த கிழவர்கள், புடைவையோடு ஓட்டக் காலணி அணிந்த மாமிகள், மல்யுத்தம் பழகும் இளைஞர்கள் எல்லாரும் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், மீண்டும் ஏறுகிறார்கள். முதல் நாள் நான் ஒரு முறை ஏறி, நான்கு இடங்களில் நின்றேன். இப்பொழுது நில்லாமல் ஐந்து முறை.

உச்சியில் ஒரு சிறு கூட்டம் சூரிய நமஸ்காரம் செய்யும். ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர் எண்ணிக்கை சொல்லுவார். இந்தப் பக்கத்தில் அது பழைய வழக்கம். சதாரா பகுதியிலிருந்த அவுந்து சமஸ்தானத்தின் அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி என்பவரே அதனை ஓர் ஒழுங்கான தேகப்பயிற்சியாக்கி, 1920-களில் பள்ளிக்கூடம் வரை பரப்பியவர். (புனேயிலேயே அவுந்து என்றொரு பகுதி இருக்கிறது, அதுவன்று இது.) பன்னிரண்டு நமஸ்காரம் முடிந்ததும் எடுக்கும் பசியைப் பற்றி அந்த அரசர் என்ன சொன்னாரோ, அறியேன். அந்தப் பசியோடு வீடு திரும்பும் வழியில்தான் மண்டயி இருக்கிறது.

மராத்தியில் மண்டயி என்றால் காய்கறிச் சந்தை. நம் காதுக்கு அது மண்டை என்றே விழுகிறது. என் மகன் தொலைபேசியில் அழைப்பவரிடமெல்லாம், “அப்பா மண்டைக்குப் போயிருக்கிறார்” என்று சொல்லிவிடுகிறான். 1880-களில் எட்டுப் பட்டையான கோபுரத்தோடு கட்டப்பட்ட இக்கட்டடத்திற்கு முதலில் பம்பாய் கவர்னராக இருந்த ரே பிரபுவின் பெயரை வைத்தார்கள். நகரசபை உறுப்பினராயிருந்த ஜோதிராவ் புலே, இவ்வளவு பணத்தைக் கட்டடத்தில் கொட்டுவதைவிடக் கல்விக்குச் செலவிடலாம் என்று எதிர்த்தவர். பூந்தோட்டக்காரக் குடும்பம் அவருடையது. அதனாலேயே புலே என்ற பெயர். எதிர்த்தவர் பெயரையே பின்னாளில் சந்தைக்கு வைத்துவிட்டார்கள்.

இங்குள்ள காய்களில் பெரும்பாலானவை நமக்குத் தெரிந்தவையே, பெயர்தான் வேறு. தோட்கா என்பது பீர்க்கங்காய். பட்வல் என்பது புடலை. கவார் என்பது கொத்தவரை. தோண்ட்லி என்பது கோவைக்காய். கீரைப் பக்கம் வந்தால் வியப்பு மிகும். சாக்வத் என்று கட்டுக்கட்டாகக் குவித்திருப்பது நம் சக்கரவர்த்திக் கீரை. அம்பாடி என்பது புளிச்சக்கீரை. ஷேப்பு என்று ஒன்று. நூலிழை போன்ற இலை, மூக்கைத் துளைக்கும் மணம். நாட்டு மருந்துக் கடையில் பிள்ளை பெற்றவளுக்கு வாங்கும் சதகுப்பையின் செடிதான் அது. நாம் விதையை மருந்தாக்கினோம்; இவர்கள் இலையைப் பாசிப்பருப்போடு கறியாக்கிவிட்டார்கள்.

மழைக்காலத்தில் மாவல், முள்ஷி பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து பெண்கள் காட்டுக்கீரை கொண்டுவருவார்கள். சென்ற ஆடி மாதம் என் அன்னையாரை அங்கே அழைத்துச் சென்றேன். அவர் அம்பாசமுத்திரத்துக்காரர். தந்தையார் மறைந்தபின் எங்களோடு வந்து தங்கியவர். புனே அவருக்குப் பிடிக்கவில்லை. மொழி தெரியாது, தெருவில் அறிந்த முகம் இல்லை. ரயில்வே குடியிருப்பின் சன்னலருகே அமர்ந்து வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார். சென்னை வண்டி போனால் மட்டும் எழுந்து நிற்பார்.

ஒரு கிராமத்துப் பெண் சாக்கு விரித்து, குர்டு என்று சொல்லி ஒரு கீரையை வைத்திருந்தாள். அன்னையார் குனிந்தார், ஓர் இலையைக் கிள்ளி மோந்தார்.

“ஏ ஐயா, இது நம்ம பண்ணைக்கீரைல்லா?”

பண்ணைக்கீரையேதான். வயல் வரப்பில் தானே முளைத்து, பிறகு வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் தீச்சுடர்போல் பூக்கும் செடி. பூத்துவிட்டால் கறிக்கு உதவாது, நுனித் தளிரை மட்டும் கிள்ளவேண்டும் என்று அன்னையார் விரலாலேயே அந்தப் பெண்ணுக்குச் செய்து காட்டினார். அவளும் அதையே விரலால் திருப்பிச் செய்து காட்டிச் சிரித்தாள். “ஆஜி” என்று அழைத்து ஒரு கைப்பிடி அதிகம் போட்டாள். ஆஜி என்றால் பாட்டி. பக்கத்துச் சாக்கில் டாக்ளா இருந்தது. அது நம் தகரை. அதற்கடுத்து முள்முள்ளாய் கர்ட்டோலி. அது பழுபாகல், கசப்பே இராது. அன்று வாங்கிய கீரையை அன்னையார் தம் கையாலேயே ஆய்ந்தார். அன்றிலிருந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும், “இன்னைக்கு அந்தப் பிள்ளை என்ன கொண்டாந்தா?” என்றுதான் கேட்கிறார்.

சமையலைப் பற்றிச் சொல்லவேண்டும். நோயாளிக்கு ஒரு சமையல், மற்றவர்க்கு ஒரு சமையல் என்று இரண்டு அடுப்பு எரிக்க முடியாது என்று என் இல்லாள் முதல் நாளே சொல்லிவிட்டாள். அந்தக் கண்டிப்பு நல்லதாயிற்று. எங்களுக்கு அடுத்த வீட்டு மராத்திய அம்மையார் ஒரு முறையைக் கற்றுக்கொடுத்தார். வாணலியில் ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு, சீரகம், இரண்டு பல் பூண்டு தாளித்து, நறுக்கிய காயைப் போட்டு, குழிந்த தட்டால் மூடி, அத்தட்டின்மேல் நீரை ஊற்றி வைக்கவேண்டும். மேலே நீர் சூடேறும், உள்ளே காய் தன் ஆவியிலேயே வேகும், அடி பிடிக்காது. காய்க்குள் நீர் ஊற்றுவதில்லையாதலால் சுவை கரைந்து போவதில்லை. இறக்கும்போது வறுத்துப் பொடித்த வேர்க்கடலை ஒரு கரண்டி. தேங்காய்க்குப் பதில் அதுதான் இவ்வூர் வழக்கம். ஐந்து பேர்க்கு மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் வாங்கிய வீட்டில் இப்பொழுது இரண்டரை லிட்டர் போதுகிறது. மிஞ்சிய பணம் கீரைக்குப் போகிறது.

சக்கரவர்த்திக் கீரையை வேகவைத்து மசித்து, மோரில் சிறிது கடலைமாவு கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் நம் மோர்க்கூட்டுக்கு அண்ணன் முறை ஆகும். இவர்கள் கோஷிம்பீர் என்பதும் நாம் கோசுமல்லி என்பதும் ஒன்றே. இரவில் சோறில்லை, சோளமாவை வெந்நீரில் பிசைந்து எண்ணெயின்றித் தட்டிச் சுட்ட பாக்ரி ஒன்று. அதுவும் தானியமே, எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளும் என்று மருத்துவர் எச்சரித்தார். ஷேப்புக் கறியை மட்டும் என் மகன் இன்னும் ஏற்கவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

இன்னும் எளிமையான உணவைக் காண வேண்டுவோர் உருளிகாஞ்சனுக்குப் போகலாம். புனேயிலிருந்து சோலாப்பூர்ப் பாதையில் முப்பது கிலோமீட்டர். நாம் சென்னைக்குப் போகிற பாதைதான். பாசஞ்சரில் ஏறி உருளி நிலையத்தில் இறங்கவேண்டும். காந்தியடிகள் 1946 மார்ச்சில் அங்கே சில நாள் தங்கி, ஏழை மக்களுக்காக இயற்கை மருத்துவ ஆசிரமத்தைத் தொடங்கினார். அதனை ஏற்று நடத்திய மணிபாய் தேசாய் தம் ஆயுள் முழுவதையும் அவ்வூருக்கே கொடுத்தவர். நான் ஒரு ஞாயிறு போயிருந்தேன். சிகிச்சைக்கு வந்திருந்த சோலாப்பூர் அன்பர் ஒருவர், “மூன்று நாள் ஊறுகாயையே நினைத்துக்கொண்டிருந்தேன், நான்காம் நாள் சுரைக்காய் தித்தித்தது” என்றார். வீட்டில் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை என்பது என் எண்ணம். பெருங்காயமும் பச்சைமிளகாயும் யாரையும் கெடுத்துவிடவில்லை.

சிங்ககட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கூட்டம் ஒருமுறை அடிவாரத்துக் கிராமத்திலிருந்து நடந்தே ஏறியது. கோட்டை கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,300 மீட்டர். ஏற்றம் மூச்சை வாங்கும். மேலே ஏறியதும் வெங்காய பஜ்ஜி மணம் எதிர்கொண்டது. கார்டு ஐயா எண்ணிக்கையை மறந்து நான்கு தட்டு வாங்கிவிட்டார். மட்பானைத் தயிர் எல்லாரையும் ஓரளவு காப்பாற்றியது.

ஆறாம் மாதப் பரிசோதனையில் எடை 77, சர்க்கரை 98. மருத்துவர் அடுத்த ஆறு மாதத்திற்குத் தேதி குறித்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

போக விரும்பும் அன்பர்களுக்கு: 2024 செப்டம்பரிலிருந்து மண்டயிக்கு மெட்ரோ ரயில் நிற்கிறது. காலை எட்டு மணிக்குள் போவது நலம். காட்டுக்கீரைக்காரப் பெண்கள் கட்டடத்திற்குள் இரார். வெளிப்புற நடைபாதையில் சாக்கு விரித்திருப்பர். ஆனி பிறந்தால் தகரை வரும். பண்ணைக்கீரை அதையொட்டி வரும். பழுபாகல் வேண்டுவோர் பை எடுத்துக்கொண்டு முதலில் அதனிடம் போய்விடவேண்டும். ஒன்பது மணிக்குமேல் அது நில்லாது.