உள்ளங்கையில் ஒரு குற்றி

உள்ளங்கையின் நடுவே ஒரு நாணயக் குற்றியை வைக்க வேண்டும். விரல்களை மடக்காமல் கையைக் கவிழ்க்க வேண்டும். குற்றி விழக் கூடாது. பார்ப்பவருக்கு அது வெறுங்கையாகவே தெரிய வேண்டும். குற்றி வித்தையின் அரிவரி இதுதான். ஆங்கிலப் புத்தகங்களில் 'கிளாசிக் பாம்' என்று பெயர். பெருவிரலடிச் சதைக்கும் சின்னிவிரல் பக்கத்துச் சதைக்கும் இடையில் குற்றியின் விளிம்பு பட்டும்படாமல் சிக்கி நிற்கிறது. பட்டும்படாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இறுக்கிப் பிடித்தால் பெருவிரல் தடிபோல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முதலாம் வகுப்புப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

இதனை நான் பழகியது 2002 இல், ஆசிரியர் கலாசாலை விடுதியில். அறை நண்பர் ஒருவரிடம் ஜே. பி. போபோ எழுதிய 'மொடர்ன் கொயின் மேஜிக்' நூலின் மங்கிப்போன போட்டோப் பிரதி இருந்தது. 1952 இல் அமெரிக்காவில் வெளிவந்த நூல். அந்நாட்டு வித்தைக்காரர்கள் விரும்பி எடுப்பது அரை டொலர்க் குற்றியை. அதன் விட்டம் 30.6 மில்லிமீற்றர், விளிம்பைச் சுற்றி 150 வரிகள். அந்த வரிகள்தாம் சதைக்குப் பிடிமானம். அரை டொலருக்கு நாங்கள் எங்கே போவது? 1984 இல் வந்த நமது இரண்டு ரூபாக் குற்றி 28.5 மில்லிமீற்றர். ஐந்து ரூபாக் குற்றி தடிப்பு, ஆனால் சிறியது. ஆகவே இரண்டு ரூபாவே எங்கள் அரை டொலர் ஆயிற்று. இன்று அதற்கு ஒரு டொபிகூட வாங்க முடியாது. என் மேசை லாச்சியில் மட்டும் அதன் பெறுமதி குறையவில்லை.

இருபது வருடங்களாக வகுப்பில் அவ்வப்போது காட்டி வந்தேன். சென்ற வருடம் மாரியில் வயல் வரம்பில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமைகள் பிளாஸ்டர். அதைக் கழற்றிய அன்று கண்ட கை என்னுடையதாக இல்லை. பெருவிரலடிச் சதை வற்றிப்போயிருந்தது. வெண்கட்டி நழுவி விழுந்தது. கரும்பலகையில் நான் எழுதிய 'ழ'வைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். கரும்பலகை எழுத்தை வைத்தே ஓர் ஆசிரியனை எடைபோடும் ஊர் எங்களுடையது. இந்தக் கை இப்படியே நின்றுவிடுமோ என்று இரவுகளில் பயந்திருக்கிறேன். கிளினிக்கில் இறப்பர்ப் பந்தொன்றைப் பிசையச் சொன்னார்கள். பிசைந்தேன். நான்காம் நாளே அலுத்துவிட்டது. லாச்சியிலிருந்து குற்றியை எடுத்தேன்.

கையைக் கவிழ்த்தேன். விழுந்தது. மறுபடியும் விழுந்தது.

கட்டில் விரிப்பின் மேல் பழக வேண்டும் என்பது பழைய யோசனை. விழுந்தால் சத்தமில்லை, குனிந்து பொறுக்கவும் வேண்டியதில்லை. இஷாவுக்குப் பிறகு அரை மணித்தியாலம் அப்படிப் போனது. நான்கு கிழமைகள் சென்றபின் பத்து எண்ணும்வரை நின்றது.

அதற்குப் பிறகு இரண்டாம் பாடம். வலது கையிலுள்ள குற்றியை இடது கையில் போடுவதுபோலக் காட்டி வலதிலேயே வைத்துக்கொள்வது. இதற்கு உண்மையாகவே போட்டுப் பழகுவதில்தான் தொடங்க வேண்டும். கண்ணாடி முன்நின்று ஐம்பது தடவை உள்ளபடியே போட்டுப் பார்த்தேன். இடது கை எப்போது மூடுகிறது, கண் எங்கே போகிறது, வேலை முடிந்த வலது கை எப்படித் தளர்ந்து கீழிறங்குகிறது? இவற்றையெல்லாம் இளவயதில் நான் கவனித்ததில்லை. அப்போது வேகந்தான் வித்தை. கண்ணாடியில் ஓர் ஆபத்தும் உண்டு. மறைக்கும் கணத்தில் நம்மையறியாமல் கண்ணை மூடித் திறப்போம். நமக்கு அது தெரியாது, எதிரே இருப்பவருக்குத் தெரியும். என் மனைவியை முன்னால் இருத்தினேன். "நீங்க முழிக்கிற முழியிலயே வெளங்குது" என்றார்.

டி. நெல்சன் டவுன்ஸ் நினைவுக்கு வருகிறார். 1867 இல் பிறந்த அமெரிக்கர். பின்னாளில் பெரிய மேடைகளில் காற்றிலிருந்து காசு பறித்து, 'குற்றிகளின் அரசன்' என்று பெயரெடுத்தவர். தொடக்கத்தில் ஐயோவா மாநிலத்தில் புகையிரதத் தந்தி ஊழியர். அடுத்த தந்தி வரும்வரையில் அவருக்கும் இதுதானே வேலையாக இருந்திருக்கும்!

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் பள்ளிவாசல் விறாந்தையில் வைத்துக் கேட்டார்: "மாஸ்டர், இது ஸிஹ்ரில சேராதா?" நியாயமான கேள்வி. குற்றியை அவர் கையில் கொடுத்து, எங்கே ஒளிகிறது என்று காட்டினேன். இங்கிலாந்தில் 1584 இல் ரெஜினோல்ட் ஸ்கொட் என்பவர் செய்ததும் இதுவே. சூனியக்காரிகள் என்று சொல்லி மனிதரைக் கொன்ற காலம் அது. அவர் எழுதிய நூலில் காசு வித்தைகளின் உள்விபரத்தையும் விளக்கி, இது கையின் திறமையன்றி வேறில்லை என்று காட்டினார். இதற்கு மாறான கதையும் உண்டு. 1856 இல் பிரெஞ்சு அரசு ரொபேர் ஊடன் என்ற புகழ்பெற்ற வித்தைக்காரரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்குள்ள மராபுக்களின் செல்வாக்கைக் குறைத்து, பிரெஞ்சுக்காரரின் சக்தியே பெரிது என்று அரபு மக்களை நம்பவைப்பதே நோக்கம். மின்காந்தத்தால் ஒரு பெட்டியைத் தூக்க முடியாமற் செய்து, பலசாலி ஒருவரைச் சபையில் தோற்கடித்தார். அவருடைய கைத்திறனை வியக்கிறேன். அந்தப் பயணத்தை என்னால் வியக்க முடியவில்லை. வகுப்பில் நான் எப்போதும் "இது கைவேலை" என்று சொல்லிவிட்டே தொடங்குவேன்.

போன கிழமை தரம் நான்கில், முறிவுக்குப் பின் முதற்தடவையாகக் காட்டினேன். இடது கையை மூடி, ஊதி, விரித்தேன். "எங்க சேர் அது?" என்று வகுப்பே எழும்பியது. பின்வாங்கிலிருந்த ஒரு சின்னவள் மட்டும் எழும்பவில்லை.

"சேர், மத்தக் கையக் காட்டுங்களன்."

காட்டினேன். வகுப்பு அவளுக்குக் கைதட்டியது. எப்படிப் பிடித்தாய் என்று இடைவேளையில் கேட்டேன். என் மோதிர விரலைத் தொட்டு, "இது மட்டும் நித்திர கொள்ளல்ல சேர்" என்றாள். உண்மைதான். அந்த விரல் இன்னும் கொஞ்சம் தூக்கலாகவே நிற்கிறது.