மனப்பாடம் செய்த மொழியில் ஒரு காதல்

முதுகலையில் ஒலியியல் பயின்றபோது, தொனிமொழிகள் பற்றிய வகுப்பொன்றில் எங்கள் பேராசிரியர் ஒரு திரைப்படத்தின் சில காட்சிகளைத் திரையிட்டார். ஆங் லீ இயக்கி 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’. அதன் முதன்மைப் பாத்திரங்கள் நால்வரும் மாண்டரின் பேசுகிறார்கள். ஆனால் நால்வரின் மாண்டரினும் ஒன்றல்ல. ஜாங் ஸீயி பெய்ஜிங்கில் பிறந்தவர். சாங் சென் தைவான்காரர். சௌ யுன்-ஃபாட் கான்டனீஸ் பேசும் ஹாங்காங்காரர். மிஷெல் யோ மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். மாண்டரின் சரளமாகப் பேச அறியாதவர். தம் வசனங்களை வெறும் ஒலிக்கோவைகளாக மனப்பாடம் செய்தே அவர் பேசினார்.

மாண்டரினில் தொனி பிசகினால் சொல்லே வேறாகிவிடும். அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பார்வையாளர் பலர் படம் வந்தபோது இந்த உச்சரிப்பை எள்ளி நகையாடினர். நாங்களும் குறிப்பேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, எங்கே தொனி இறங்க வேண்டும், அவர் எங்கே ஏற்றுகிறார் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டோம். அவர் யாரிடம், எதைச் சொல்கிறார் என்பதை அன்று நான் கவனிக்கவேயில்லை.

சென்ற வாரம் அப்படத்தை முதன்முறையாக முழுமையாகப் பார்த்தேன்.

மிஷெல் யோ தற்காப்புக் கலையிலிருந்து திரைக்கு வந்தவர் அல்லர். பாலே நடனம் பயில இங்கிலாந்து சென்றவர். அங்கே ஏற்பட்ட முதுகெலும்புக் காயத்தால் மேடைக் கனவைக் கைவிட நேர்ந்தவர். பின்னர் ஜாக்கி சானோடு ஒரு கைக்கடிகார விளம்பரத்தில் நடிக்கும் வாய்ப்பு வந்தபோது, உடன் நடிப்பவர் ‘சிங் லோங்’ என்று தொலைபேசியில் சொன்னார்களாம். அது ஜாக்கி சானின் கான்டனீஸ் பெயர் என்பது அவருக்கு விளங்கவில்லையாம். ஒரு மொழியின் வாசலில் நின்றபடியே அவரது திரைவாழ்வு தொடங்கியிருக்கிறது. 1985இல் வந்த ‘எஸ், மேடம்’ படத்துக்காகச் சண்டைக் கலைஞர்களோடு சேர்ந்து பயின்றார். சண்டையையும் ஒரு வகை நடனமாகக் கண்டே கற்றதாக நேர்காணல்களில் அவர் கூறுவதுண்டு. 1988இல் திருமணம் செய்துகொண்டு நடிப்பிலிருந்து விலகினார். மணவாழ்வு முடிந்த 1992ஆம் ஆண்டிலேயே திரும்பி வந்து, ‘போலீஸ் ஸ்டோரி 3’ படத்தில் ஓடும் ரயிலின்மீது மோட்டார் சைக்கிளோடு பாய்ந்தார்.

தற்செயலாக, ‘க்ரவுச்சிங் டைகர்’ படத்தில் வாளெடுக்கும் பெண்கள் மூவருமே நடனத்திலிருந்து வந்தவர்கள்: யோ, ஜாங் ஸீயி, மூத்தவரான செங் பெய்-பெய். எனவே அவர்களது சண்டையில் வலிமையைவிட இலக்கணமே முதலில் கண்ணில் படுகிறது. பயிற்சிக்கூடத்தில் யோவும் ஜாங்கும் மோதும் காட்சியை நினைத்துப் பாருங்கள். இளையவளின் கையில் எதையும் வெட்டும் மாய வாள். மூத்தவள் ஒவ்வோர் ஆயுதமாக எடுக்கிறாள், ஒவ்வொன்றாக முறிகிறது. தூக்க முடியாத ஒன்றை எடுத்துத் தடுமாறவும் செய்கிறாள். இறுதியில் முறிந்த வாளை எதிரியின் கழுத்தில் வைத்து நிறுத்துகிறாள், வெட்டவில்லை. படப்பிடிப்பின்போது முழங்கால் ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்தவர் அவர் என்பதை அறிந்து பார்க்கையில், அந்த நிறுத்தலுக்குத் தேவைப்பட்ட கட்டுப்பாடு நம்மையே மூச்சடக்கச் செய்கிறது.

அதே கட்டுப்பாட்டைத்தான் அப்பாத்திரம் காதலிலும் கடைப்பிடிக்கிறது. ஷூ லியெனுக்கு நிச்சயிக்கப்பட்டவன் இறந்துபோனான். அவன் லி மு பாயின் உடன்பிறவாச் சகோதரன். ஆகவே இருவரும் ஆண்டுக்கணக்கில் வாய் திறப்பதில்லை. அவள் தேநீர் ஊற்றுகிறாள்; பயணத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். ஒருமுறை அவன் அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்கிறான், அவ்வளவே. இறுதியில் நஞ்சு ஏறி அவன் சாகும் தறுவாயில், எஞ்சிய மூச்சைத் தியானத்துக்குச் செலவிடு என்று அவள் மன்றாடுகிறாள். அவன் அதைக் காதலைச் சொல்லச் செலவிடுகிறான்.

இக்காட்சியை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே, தமிழகத்துக்கு வெளியே ஆய்வு செய்யும் நகரத்தில், வங்காளியான ஓர் ஆய்வாளரோடு நான்காண்டுகள் பழகினேன். எங்களுக்குள் பொதுமொழி ஆங்கிலம். ஆனால் ஒன்றை மட்டும் அவருடைய மொழியில் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். ‘ஆமி தோமாகே பாலோபாஷி.’ தமிழில் எழுதினால் அதில் வரும் இரண்டு பாக்களும் ஒன்றுபோல் தெரிகின்றன. வங்காளத்தில் அவை வேறு. முதலாவது மூச்சோடு பிறக்கும் ஒலி. தமிழ் நாவுக்கு அது இயல்பாக வாய்ப்பதில்லை. என் குரலைப் பதிவுசெய்து, ஒலியலைப் படங்களை வங்காளிகளின் பதிவுகளோடு ஒப்பிட்டேன். மூச்சொலி போதவில்லை. மீண்டும் பதிவுசெய்தேன். இப்படியே ஓராண்டு போயிற்று. உச்சரிப்பு சரியானதும் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் ஆய்வை முடித்து ஊருக்குப் புறப்பட்ட நாளில் ரயில் நிலையத்துக்குச் சென்றேன். பெட்டியின் சன்னலோரம் நின்றேன். ரயில் நகரத் தொடங்கியபோது நான் சொன்னது: “தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டீர்களா?”

இதே யோ நடித்த ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ படத்திலும் அப்படியொரு தருணம் உண்டு. எவ்லின் கணவனிடம் மாண்டரினும் தந்தையிடம் கான்டனீசும் மகளிடம் பெரும்பாலும் ஆங்கிலமும் பேசுகிறாள். மனமுடைந்து காரில் கிளம்பும் மகளிடம் ஏதோ சொல்ல ஓடி வருகிறாள். வாயிலிருந்து வருவதோ, நீ எடை போட்டுவிட்டாய், ஒழுங்காகச் சாப்பிடு என்பது. மூன்று மொழிகள் இருந்தும் அத்தருணத்துக்கு ஒரு மொழியும் உதவவில்லை. 2023இல் அப்பாத்திரத்துக்காகத்தான் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கரைப் பெற்றார். அப்பிரிவில் வென்ற முதல் ஆசியப் பெண். அப்போது அவருக்கு வயது 60. உங்கள் காலம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல இடங்கொடாதீர்கள் என்று பெண்களுக்கு அவர் அந்த மேடையில் சொன்னார். நம் காலம் முடிந்ததாக நமக்கு நாமே சொல்லிக்கொள்வதும் உண்டல்லவா என்று நான் எண்ணிக்கொண்டேன்.

சென்ற வாரம் படம் முடிந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது. மறுநாள் அவரை அழைத்தேன். ஊர்ச் செய்திகள் பேசினோம். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னேன். முதல் பாவில் வழக்கம்போல மூச்சொலி இல்லை. அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், இரண்டு மாதங்களுக்கு முன்பு தமக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது. இறுதியாக, என் உச்சரிப்பில் பிழையேதும் இல்லை என்றார். அது உண்மையல்ல என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

அடக்கத்தை உயர்ந்த பண்பாகக் கற்றுத் தரும் மரபுகளில் வளர்ந்தவர்கள் நாம். வாளைக் கழுத்தருகே நிறுத்தத் தெரிவது பெரும் திறமைதான். ஆனால் சொல்லை நிறுத்துவதையும் அதே திறமை என்று ஷூ லியென் நம்பியிருந்தாள், நானும் நம்பினேன். என் வரையில் அது அடக்கம்கூட அன்று. அவர் சிரித்துவிடுவாரோ என்னும் அச்சம். அதற்கு ஒலியியல் என்று பெயரிட்டு வைத்திருந்தேன்.

தமக்கு வசப்படாத ஒரு மொழியில், கோடிக்கணக்கானோர் பிழை காண்பார்கள் என்று அறிந்தே, மிஷெல் யோ கேமராவின் முன் நின்று பேசினார். நான் ஒரே ஒருவர்முன் பேசத் தயங்கினேன். அந்த முதுகலைக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று அதை எடுத்துப் பார்த்தேன். அவர் பிசகிய தொனிகள் அத்தனையும் சரியாகவே குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வசனங்களின் பொருளை ஓரிடத்திலும் நான் எழுதி வைக்கவில்லை.