ஆயிரத்து ஐம்பது ரூபாய் சட்டை

2018 தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஈரோட்டு ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் போன் செய்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க, நம்ம கடையில சட்டை வாங்குனா நாமளே காசு குடுத்து அனுப்பறமாமா?”

விஷயம் இதுதான். 999 ரூபாய் சட்டை மூன்று எடுத்தால் 1,999 என்று கடையில் ஆஃபர். ஒரு கல்லூரிப் பையன் மூன்று எடுத்துப் போய், மறுநாள் ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு சட்டைக்கும் எங்கள் பில்லிங் மென்பொருள் ஆஃபரை மறந்துவிட்டு முழுசாக 999 வரவு வைத்திருக்கிறது. 1,999 கொடுத்தவன் 2,997 ரூபாய்க்குத் துணி எடுத்துக்கொண்டு போய்விட்டான். சாயங்காலத்துக்குள் அவனுடைய கூட்டாளிகளும் வந்துவிட்டார்கள்.

அந்தக் கணக்கைப் போடும் ஃபங்ஷனை எழுதியவன் நான். கோவையில் பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம் அது. 2012-இல் நான் எழுதியபோது அந்த ஃபங்ஷன் அறுபது வரி. அப்புறம் ஒரு கடைக்குத் தையல் கூலியைப் பில்லில் சேர்க்க வேண்டியிருந்தது, ஒரு ‘இஃப்’ போட்டேன். இன்னொரு கடைக்கு ஊழியர் தள்ளுபடி, இன்னொரு ‘இஃப்’. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, பழைய வாட் கணக்கை அப்படியே விட்டுவிட்டு, தேதியைப் பார்த்துப் பிரியும் ஒரு ‘இஃப்’ போட்டு, ‘எல்ஸ்’ பக்கத்தில் முழு ஜி.எஸ்.டி.யையும் எழுதினேன். கடைக்காரர் மத்தியானம் கேட்டால் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடுவேன். அதில் எனக்கு நல்ல பெயர். ஆறு வருடத்தில் அறுபது வரி 1,140 வரியானது.

வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அது வளர்ந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அந்தக் கோப்பைத் திறக்க மற்றவர்கள் பயந்தார்கள். என்னைக் கேட்காமல் யாரும் அதில் கை வைக்கவில்லை. புதிதாக வந்த இரண்டு பேர் ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போனபோது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று நான் சொன்னேன், எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த ராத்திரி, எல்லாம் தெரிந்த எனக்கே பிழையைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது. அந்த வருடம் மார்ச்சில் வேறொரு கடைக்காக, ‘மாற்று பில் என்றால் தள்ளுபடி ஃப்ளாகை அணைத்துவிடு’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஃப்ளாக் என்றால் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு குறி. அந்தக் கடைக்கு அது சரி. அக்டோபரில் இந்தக் கடைக்காக ஆஃபரை எழுதும்போது அதே ஃப்ளாகைப் பயன்படுத்தியிருந்தேன். அதுவும் சரி. இரண்டுக்கும் நடுவே அறுநூறு வரி. திரையில் ஒன்று தெரியும்போது இன்னொன்று தெரியாது.

தீபாவளி முடிந்து, எங்கள் விஷுவல் ஸ்டுடியோவில் பல வருடமாக இருந்தும் நான் அழுத்தாத ஒரு மெனுவை அழுத்தினேன். கோட் எவ்வளவு சிக்கலாக இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் வசதி அது. என் ஃபங்ஷனுக்கு எதிரே 214 என்று வந்தது.

இந்த எண்ணின் கதை பழையது. தாமஸ் மெக்கேப் என்பவர் 1976 டிசம்பரில் ஐ.இ.இ.இ. ஆய்விதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் வந்த அளவுகோல், பெயர் சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்சிட்டி. பெயர்தான் பயமுறுத்தும். ஒரு ஃபங்ஷனில் பாதை பிரியும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் போதும். பிரிவே இல்லாத ஃபங்ஷனுக்கு 1. ஒவ்வொரு ‘இஃப்’, ஒவ்வொரு லூப், ஒவ்வொரு ‘கேஸ்’ வரும்போதும் ஒன்று ஏறும். பத்து வரை நியாயமான வரம்பாகத் தோன்றுகிறது, ஆனால் பத்தில் மந்திரம் எதுவும் இல்லை என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் பத்தை வைத்துக்கொண்டு மந்திரம் இல்லை என்பதை விட்டுவிட்டார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்து அந்த ஃபங்ஷனை வெட்டினேன். முப்பத்தொரு துண்டு, எந்தத் துண்டும் பத்தைத் தாண்டவில்லை. திங்கட்கிழமை மீட்டிங்கில் சிவப்பெல்லாம் பச்சையாக மாறிய படத்தைக் காட்டினேன். கைதட்டினார்கள். டீயோடு பஃப்ஸும் வந்தது.

அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி மதியம் என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்: “அண்ணா, முன்னாடி ஒரே இடத்துல தேடினேன். இப்ப முப்பத்தோரு இடத்துல தேடுறேன்.”

அவள் சொன்னது உண்மை. ஃபங்ஷனை வெட்டினேனே தவிர, அதற்குள் இருந்த பதினான்கு ஃப்ளாகுகளை அப்படியே தூக்கி எல்லாத் துண்டுகளும் பார்க்கும்படி வெளியே வைத்திருந்தேன். ஏழாவது துண்டு ஒன்றை அணைக்கும், இருபதாவது துண்டு அதைப் படிக்கும். வரிசை மாறினால் பில் மாறும். வரிசை ஏன் அப்படி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மூட்டையைப் பிரித்து வீடு முழுக்க இறைத்துவிட்டு, மூட்டை சின்னதாகிவிட்டது என்று சொன்ன மாதிரிதான்.

அதன்பிறகே அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து ‘இஃப்’ இருந்தால் மெக்கேப் எண் 11. ஆனால் அந்தப் பத்தையும் கடந்து போக 1,024 வழிகள் இருக்கலாம். மாதங்களின் பெயரைச் சொல்லும் பன்னிரண்டு ‘கேஸ்’ கொண்ட ஃபங்ஷனுக்கு எண் 13. அதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் படித்துவிடும். ஒரு லூப், அதற்குள் ‘இஃப்’, அதற்குள் இன்னொரு ‘இஃப்’ என்றால் எண் வெறும் 4. படிப்பவருக்கு மூச்சு முட்டும். மெக்கேப்புக்கு நாற்பது வருடம் கழித்து சோனார்சோர்ஸில் ஜி. ஆன் கேம்ப்பெல் உருவாக்கிய காக்னிட்டிவ் காம்ப்ளெக்சிட்டி இந்தக் குறையைப் பிடித்தது. உள்ளே போகப்போக அபராதம் கூடும்: லூப்புக்கு 1, உள் ‘இஃப்’புக்கு 2, அதற்கும் உள்ளே 3, ஆக 6. அந்தப் பன்னிரண்டு மாதங்களுக்கோ மொத்தமாக 1. மெக்கேப் எண் எத்தனை சோதனை எழுத வேண்டும் என்று யோசிக்க உதவும். கேம்ப்பெல் எண் படிப்பவருக்கு எவ்வளவு தலைவலி என்பதற்குக் கிட்டத்தில் வரும். ஆனால் முப்பத்தொரு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது என்பதை இரண்டுமே சொல்லாது. ஒரு ஃபங்ஷனுக்குள் மட்டும்தான் அவற்றுக்குக் கண் தெரியும்.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. அந்த ஜவுளிக்கடையில் கேட்டு, ஆறு மாதத்துப் பில்கள் நாற்பதாயிரத்தை, பெயரையும் போன் நம்பரையும் நீக்கிவிட்டு வாங்கினோம். பழைய கோடில் ஒருமுறை, புதிய கோடில் ஒருமுறை ஓட்டிப் பைசா பைசாவாக ஒப்பிட்டோம். மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-இல் பழைய கோடைக் கையாள்வது பற்றி எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: கேரக்டரைசேஷன் டெஸ்ட். கோட் என்ன செய்ய வேண்டும் என்று கேட்காமல், இப்போது என்ன செய்கிறது என்று மட்டும் பிடித்து வைப்பது. இதில் கஷ்டமான சட்டம் ஒன்று உண்டு. வழியில் பிழை கண்ணில் பட்டாலும் திருத்தக் கூடாது. பிழையோடுதான் இடம் மாற்ற வேண்டும்; திருத்துவது தனி வேலை, தனி நாள். வீடு மாற்றும்போது உடைந்த நாற்காலியையும் ஏற்றி இறக்கிவிட்டு, அப்புறம் ஆசாரியைக் கூப்பிடுவது போல. என் கை எத்தனை முறை பரபரத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அந்தப் பில்கள் ஒரு வேடிக்கையையும் காட்டின. பதினான்கு ஃப்ளாகுகள் என்றால் 16,384 சேர்க்கைகள் சாத்தியம். நாற்பதாயிரம் பில்லிலும் உண்மையில் வந்தவை ஒன்பது. அவற்றையும் கடைக்காரர்களிடம் பேசிப் பார்த்தால் மூன்று வகைக்குள் அடங்கின: விற்பனை, மாற்று, ரிட்டர்ன். அவர்கள் வாயில் எப்போதும் இருந்த மூன்று சொற்கள். நான்தான் ஆறு வருடமாக அவற்றைப் பதினான்கு ‘ஆம், இல்லை’யாக உடைத்து வைத்திருந்தேன்.

வாட் கணக்கை ஏன் அழிக்க முடியவில்லை என்பதும் தெரிந்தது. பழைய பில்லை மறுபடி அச்சடிக்கும்போது நாங்கள் தொகையை முதலிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். கொடுத்த பில்லின் தொகையைச் சேமித்து வைத்தால் போதும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் புரியவில்லை. அதைச் செய்த அன்று 160 வரிகளை அழித்தேன்.

வரி விகிதங்களை ‘இஃப்’களிலிருந்து எடுத்து ஓர் அட்டவணையாக்கினோம். உருப்படி வகை, விலை வரம்பு, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை சதவீதம். அன்றைய விதிப்படி தைத்த ஆடைக்கு, ஓர் உருப்படி 1,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் 5 சதவீதம், தாண்டினால் 12. சேலை துணிக் கணக்கில் வருவதால் விலை எதுவானாலும் 5. ஒரே தாளில் அடங்கிவிட்டது. அதை அச்செடுத்துக் கடையில் கணக்குப் பார்க்கும் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரல் வைத்துப் படித்தார்.

“தம்பி, ஆயிரத்துக்குக் கீழேன்னு போட்டிருக்குதுங்க. ஆயிரத்துக்கு மேலேன்னு போட்டிருக்குதுங்க. சரியா ஆயிரத்துல நிக்கற உருப்படிக்கு என்னங்க?”

அலுவலகத்துக்குப் போய்ப் பழைய கோடைத் தோண்டினேன். ஆயிரத்தோடு ஒப்பிடும் இடம் மூன்று இருந்தது. இரண்டில் ‘ஆயிரம் அல்லது அதற்குக் கீழ்’. மூன்றாவது, மாற்று பில்லில், வெறும் ‘ஆயிரத்துக்குக் கீழ்’. அதாவது 1,050 ரூபாய் விலைச்சீட்டுள்ள சட்டையை விற்கும்போது அடிப்படை விலை 1,000, வரி 50. அதே சட்டை மாற்றுக்கு வந்தால் 12 சதவீதமாகப் பிரித்து, விலை 937.50, வரி 112.50 என்று வரவு வைக்கும். வாடிக்கையாளருக்கு இரண்டு முறையும் 1,050 சரியாகவே இருக்கும், அதனால் யாரும் சண்டைக்கு வரவில்லை. கட்டியது 50, கழித்துக்கொண்டது 112.50. பில் ஒப்பீட்டில் மாறியிருந்த 312 பில்களுக்குள் இந்த மாதிரி பதினேழு இருந்தன. ‘மொத்தம் சரி’ என்று நானே எழுதி ஒதுக்கி வைத்திருந்தேன். ஒன்றேகால் வருடமாக ஓடிய பிழையை, கோட் எழுதத் தெரியாத ஒருவர் ஐந்து நிமிடத்தில் பிடித்தார். 214 என்ற எண்ணைவிட அந்த ஐந்து நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

எல்லாச் சிக்கலும் என்னால் வந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஃப்ரெட் புரூக்ஸ் 1986-இல் விஷயத்தோடு பிறந்த சிக்கல், நாம் சேர்த்துக்கொண்ட சிக்கல் என்று இரண்டாகப் பிரித்தார். அன்றைய விதியில் 1,100 ரூபாய் விலைச்சீட்டுள்ள சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதம் என்று வைத்தால் அடிப்படை விலை 1,048 ஆகிறது. ஆயிரத்தைத் தாண்டியதால் 12 போட வேண்டும். 12 போட்டால் விலை 982-க்கு இறங்குகிறது. தாண்டாததால் 5 போட வேண்டும். 1,050-க்கு மேல் 1,120 வரைக்கும் இதே கூத்துதான். எந்த அளவுகோலாலும் இதைக் குறைக்க முடியாது. ஆடிட்டர் எந்தப் பக்கம் சொன்னாரோ அதை ஒரே இடத்தில், ஒரே பெயரில் எழுதி வைத்தோம். முன்பு அது நான்கு இடத்தில், நான்கு விதமாக இருந்தது.

அட்டவணைக்கு மாறிய பிறகு மையக் கணக்கின் எண் 9. எங்கள் மென்பொருளில் பார்கோடு அச்சிடும் ஃபங்ஷனுக்கு இன்றைக்கும் 63. ஏழு வருடமாக அதில் யாரும் ஒரு வரிகூட மாற்றவில்லை, மாற்றவும் யாரும் கேட்கவில்லை. அது அப்படியே கிடக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜி.எஸ்.டி. மன்றம் விகிதங்களை மாற்றியது. தைத்த ஆடைக்கு 2,500 வரை 5, அதற்கு மேல் 18, 22-ஆம் தேதியிலிருந்து அமல். விலைச்சீட்டில் 1,050-க்கும் 1,120-க்கும் நடுவே 70 ரூபாய் அகலமாக இருந்த அந்தக் குழி, 2,625-க்கும் 2,950-க்கும் நடுவே 325 ரூபாய் அகலமாகிவிட்டது. அன்று முப்பத்தோரு இடத்தில் தேடியவள் அட்டவணையில் இரண்டு வரி சேர்த்தாள், நாற்பதாயிரம் பில்லையும் ஓட்டிப் பார்த்தாள், ஈரோட்டுப் பெரியவருக்குப் போன் போட்டு வரி வரியாகப் படித்துக் காட்டினாள். ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த எனக்கு, திங்கட்கிழமை காலை அலுவலகம் வந்த பிறகுதான் இதெல்லாம் தெரியும்.