ரெண்டாவது கியர் விழலை!

எங்க ஊர் இளையரசனேந்தல். ‘அது எங்கடா இருக்கு?’ என்று ஹாஸ்டலில் யார் கேட்டாலும், ‘சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவுல’ என்பேன். ‘அப்போ நியூட்ரல்ல நிக்கிற ஊருன்னு சொல்லு!’ என்று கலாய்ப்பான் ரூம்மேட். மெக்கானிக்கல் பசங்க காமெடி அந்த ரேஞ்சுலதான் இருக்கும். பொறுத்தருள்க!

ஆனால், போன செமஸ்டர் லீவில் ஊருக்குப் போனபோது, நிஜமாகவே ஒன்று எங்க வீட்டு வேப்பமரத்தடியில் நியூட்ரலில் நின்றுகொண்டிருந்தது. அப்பாவோட வெள்ளை மாருதி 800. மேலே ஒரு இன்ச்சுக்கு வேப்பம்பூவும் தூசியும். அப்பா வண்டியைத் துடைக்காமல் விட்டு நான் பார்த்ததே இல்லை.

அந்த வண்டியைப் பற்றி ரெண்டு வரி சொல்லியே ஆகணும். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 ரோட்டுக்கு வந்தது. 2014 ஜனவரியில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். 796 சி.சி., மூணு சிலிண்டர். எங்க வண்டிக்கு நாலு கியர். நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது செகண்ட் ஹேண்டில் வந்தது. அக்காவை ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனது, பின்சீட்டைக் கழற்றிவிட்டு உளுந்து மூட்டை ஏற்றியது, என்னை இன்ஜினீயரிங் சேர்த்துவிடக் கூட்டிட்டு வந்தது... எல்லாம் அதே வண்டிதான்.

“என்னம்மா, வண்டிக்கு என்ன?” என்றேன். அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க.

கோவில்பட்டியில், எங்க ஊர் ரோட்டில் ஒரு ரயில்வே சுரங்கப்பாதை இருக்கிறது. அதிலிருந்து மேலே ஏறும்போது ஃபர்ஸ்ட்டிலிருந்து செகண்டுக்கு மாற்றியிருக்கிறார் அப்பா. கியர் விழவில்லை. திரும்பத் தள்ளியிருக்கிறார். கர்ர்ரென்று சத்தம்தான் வந்ததே தவிர, விழவில்லை. வண்டி பின்னால் உருண்டுவிட்டது. பின்னாடி வந்த வேன்காரர் சடன் பிரேக் போட்டதால் யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா, சுத்தி நின்னவங்க சும்மா இருப்பாங்களா? ‘வயசான காலத்துல எதுக்கு வண்டி?’ என்று ஒருத்தர் கேட்டுவிட்டார்.

அன்றைக்கு ஆணியில் மாட்டிய சாவியை அப்பா எடுக்கவே இல்லை. “கைக்கு வயசாயிட்டுலே. ஞாயித்துக்கிழமை காயலாங்கடைக்காரர் வாரேன்னிருக்கார். குடுத்துருவோம்” என்றார் என்னிடம். அப்பாவுக்கு வயசு ஐம்பத்தெட்டு. அதுவரைக்கும் தன் கையைப் பற்றி அவர் குறைசொல்லிக் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள். நாமதான் ஆட்டோமொபைல் பேப்பரில் 78 மார்க் ஆச்சே! களத்தில் இறங்கினேன். முதல் வேலையாக 650 ரூபாய்க்கு கனமான அலுமினிய கியர் நாப் ஒன்றை வாங்கி மாட்டினேன். நாப் கனமாக இருந்தால் கியர் கொஞ்சம் ஸ்மூத்தாக விழும் என்பது உண்மைதான். அப்பா எட்டிப் பார்த்தார். “பம்பரத்துக்குப் பெயின்ட் அடிச்சா ஆணி நேராயிருமாலே?” என்று ஒரே கேள்வி. பல்பு வாங்கியது அந்த நாப் இல்லை, நான்!

மறுநாள் மெதுவாக உருட்டிக்கொண்டு கோவில்பட்டி மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். ஸ்பேனரை எடுப்பார் என்று பார்த்தால், டீ சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் நியூட்ரலில் வைத்து, ரெண்டு விரலால் கியர் லிவரை ஆட்டினார். மோர் கடையுற மத்து மாதிரி ஆடியது. அடுத்து இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டு நாலு கியரையும் போட்டுப் பார்த்தார். தடுமாறினாலும் சத்தமில்லாமல் விழுந்தது. அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச்சை முழுசா மிதித்து, அஞ்சு வரைக்கும் எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டார். கர்ர்ர்!

“தம்பி, மூணு சீக்கு இருக்கு. ஒண்ணுகூட கைச்சீக்கு இல்ல” என்றார். எனக்கு அங்கேயே பாதி உயிர் வந்தது.

சீக்கு நம்பர் ஒன், புஷ். லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்கு வண்டிக்கு அடியில் ஒரு ராடு போகிறது. அதன் மூட்டுகளில் சின்னச் சின்ன புஷ். அது தேய்ந்துபோனால், கை நகருகிற தூரத்தில் பாதியைத் தானே தின்றுவிடும். மிச்சம்தான் கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேரும். செகண்டுக்குப் போக வேண்டிய லிவர் வழி தெரியாமல் நடுவில் அலையும். இன்னொன்றும் உண்டு. கியர் விழும்போது கைக்கு ஒரு ‘டக்’ தெரியும் இல்லையா? உள்ளே ஸ்பிரிங் தள்ளுகிற ஒரு சின்ன இரும்பு குண்டு, அதற்கான பள்ளத்தில் போய் உட்காருகிற சேதி அது. தேய்ந்த புஷ் அந்த சேதியையும் தின்றுவிடும். விழுந்ததா, விழலையா என்று கைக்கே சந்தேகம் வந்துவிடும்.

நம்பர் டூ, கியர் ஆயில். இதற்குக் கொஞ்சம் ஃப்ளாஷ்பேக் வேணும். அந்தக் காலத்து வண்டிகளில் கியர் மாற்ற கிளட்ச்சை ரெண்டு தடவை மிதிக்கணும். ‘டபுள் கிளட்ச்’ என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வார்களே, அதேதான். 1928-ல் அமெரிக்காவில் காடிலாக் கார்களில் சின்க்ரோமெஷ் வந்தது. ஏர்ல் தாம்சன் என்ற இன்ஜினீயரின் ஐடியா. ரெண்டு பாகங்கள் வேற வேற வேகத்தில் சுற்றும்போது அவற்றை அப்படியே கோத்தால் பல்லோடு பல் உரசும். அதனால் சின்க்ரோவில் உள்ள பித்தளை வளையம் ஒன்று முதலில் கூம்பு மேல் உரசி, ரெண்டு வேகத்தையும் ஒண்ணாக்கும். அப்புறம்தான் கியர் உள்ளே போக வழிவிடும். கண்ணிமைக்கிற நேரத்தில் நடக்கிற பஞ்சாயத்து!

அந்த உரசலுக்கு ஆயில் சரியாக இருக்கணும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் வளையத்தால் அதை விலக்கிவிட்டுச் சீக்கிரம் பிடிக்க முடியாது. எங்க வண்டியில் இருந்தது, டிராக்டருக்கு வாங்கி மிச்சமிருந்த 140-ஆம் நம்பர் ஆயில். ‘எதுக்கு வீணாக்கணும்?’ என்று ஊற்றியவர், சாட்சாத் எங்க அப்பாவேதான்! ஆயில் டப்பாவில் ஜி.எல்-4, ஜி.எல்-5 என்று போட்டிருப்பதையும் கவனிக்கணுமாம். ஜி.எல்-5 பெரும்பாலும் லாரி, ஜீப்பின் பின் ஆக்ஸில் கியருக்கானது. அதில் கலக்கும் கந்தக ரசாயனங்கள் சில பித்தளை வளையங்களை அரித்துவிடும். ‘நம்பர் பெருசா இருக்கு, உசத்தி’ என்று நினைத்து ஏமாறாதீங்க. வண்டியோடு வந்த கையேடு என்ன சொல்கிறதோ, அதுதான் வேதம்.

நம்பர் த்ரீ, கிளட்ச் கேபிள். அண்ணாச்சி அதைக் கழற்றிக் காட்டினார். பாதி இழைகள் அறுந்து, மிச்சம் நீண்டு தொங்கியது. கேபிள் தொய்ந்தால் பெடலை முழுசா மிதித்தாலும் கிளட்ச் முழுசா விடாது. ரிவர்ஸுக்கு அநேக வண்டிகளில் சின்க்ரோ கிடையாது. அதனால்தான் அங்கே சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்தது.

“வீட்ல வேற யார் தம்பி ஓட்டுவாங்க? யாரோ கிளட்ச் மேலயே கால வச்சு ஓட்டிருக்காங்க. கேபிள் எப்பவும் இழுபட்டே நின்னா என்னாவும்?”

நான் டீயைக் குடிப்பதில் ரொம்ப பிஸியாகிவிட்டேன். அந்த வண்டியில்தான் நான் டிரைவிங் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு லீவுக்கும் ஃப்ரெண்ட்ஸோடு கழுகுமலை, குற்றாலம் என்று சுற்றியதும் நான்தான். இடது கால் எப்பவும் கிளட்ச் மேல. இடது கை எப்பவும் கியர் லிவர் மேல. அது பெரிய ஸ்டைல் என்று நினைப்பு! கை வெயிட் லிவரில் இருந்தால், உள்ளே இருக்கிற ஃபோர்க் சுற்றுகிற ஸ்லீவோடு உரசிக்கொண்டே இருக்கும், அதுவும் தேயும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்!

பழைய ஆயிலை இறக்கி ஜி.எல்-4 ஊற்றி, புஷ், கேபிள் மாற்றி, கிளட்ச் பெடலுக்கு எவ்வளவு விளையாட்டு வேணுமோ அவ்வளவு வைத்துக் கொடுத்தார் அண்ணாச்சி. கூலியோடு சேர்த்து ரெண்டாயிரத்துக்குள்தான். வண்டியில் எந்தக் குறையும் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டது நாங்கதான்.

சனிக்கிழமை சாயங்காலம் சாவியை அப்பாவிடம் நீட்டினேன். “நீயே ஓட்டு” என்றார். “கேபிள் போனது என்னாலதான்ப்பா” என்று சொல்லிவிட்டேன். கிளட்ச் மேல் கால், கியர் மேல் கை, எல்லாவற்றையும். திட்டுவார் என்று நின்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “அப்போ என் கை இல்லையாலே?” என்று மட்டும் கேட்டார். “உங்க கை இல்லப்பா.”

சாவியை வாங்கிக்கொண்டார்.

கோவில்பட்டி போய், அதே சுரங்கப்பாதையில் இறங்கினோம். ஏறும்போது ஃபர்ஸ்ட். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். செகண்ட். டக்! அப்பா ஒண்ணும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும், வேணுமென்றே வேகத்தைக் குறைத்து ஃபர்ஸ்ட்டுக்கு வந்து, மறுபடியும் செகண்ட் போட்டுப் பார்த்தார். டக்! அப்போதுதான் லேசாகச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த காயலாங்கடைக்காரருக்குக் காபி மட்டும்தான் கிடைத்தது.

இப்போ கிளட்ச் பெடலே இல்லாத வண்டிகள் பெருகிவிட்டன. நம்ம ஊர் ரோட்டில் 2014-ல் செலேரியோவோடு வந்த ஏ.எம்.டி.யில் உள்ளே அதே மாதிரி கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் ஒரு மெஷின் பார்த்துக்கொள்ளும். எலெக்ட்ரிக் கார்களில் பெரும்பாலும் ஒரே கியர். நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்கு இந்த ‘டக்’ தெரியாமலே போகலாம். அதுவரைக்கும் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ ‘கியர் விழ மாட்டேங்குது, எனக்கு வயசாயிடுச்சு’ என்று சொன்னால், சட்டென்று நம்பிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். முதல்ல புஷ், ஆயில், கேபிள் மூணையும் பார்த்துட்டு வந்து பேசுங்க!

லீவு முடிந்து ரயில் ஏறப் போகும்போது, ஸ்டேஷன் வரைக்கும் நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் அப்பா. டாப் கியர் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் கை லிவர் மேலேயே கிடந்தது. படீர் என்று ஒரு தட்டு விழுந்தது.

“கைய எடுலே!”