காப்பவனையும் காக்கும் தொண்டு

தொண்டு என்றவுடன், உள்ளவன் இல்லாதவனுக்கு வழங்கும் உதவி என்றே நம்மிற் பலர் பொருள் கொள்கின்றனர். செய்பவனுக்கு அதனால் யாது பயன் என்று வினவுவதையே சிலர் இழுக்கெனக் கருதுவர். ஆயினும், துயருற்ற மனத்துக்குத் தொண்டும் ஒரு மருந்தாதலை எம் குடும்பத்திலேயே கண்டோம். ஆதலால் அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் தமக்கையார் குடும்பத்தினர் முல்லைத்தீவுக் கரையில் வாழ்ந்தவர்கள். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை அவர்தம் இளைய மகளைக் கொண்டு சென்றது. அப்போது பத்து வயதினனாயிருந்த அவள் தமையன், இன்று சிட்னி நகரிலே தொழில் புரிகிறான். அங்கு சென்ற பின்னரும் பல ஆண்டுகள் கடற்கரைப் பக்கம் அவன் போகவில்லை. உறக்கம் குறைந்தது, நண்பர் தொகையுங் குறைந்தது. மருத்துவரை நாடிச் சிகிச்சை பெற்று, ஓரளவு தேறிய வேளையில், உடன் தொழில் புரியும் ஒருவர் அவனைக் கடற்கரை உயிர்காப்புக் கழகமொன்றுக்கு அழைத்துச் சென்றார்.

அவுஸ்திரேலியாவில் இத்தொண்டு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடையது. நியூ சவுத் வேல்ஸ் கழகங்கள் 1907இல் ஒரு சங்கமாக இணைந்தன. 1938ஆம் ஆண்டு மாசி 6ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, சிட்னியின் பொண்டாய் கடற்கரையில் அடுத்தடுத்து எழுந்த பேரலைகள் நூற்றுக்கணக்கானோரை ஆழத்துக்கு இழுத்தன. அங்கு கூடியிருந்த தொண்டர் உடனே நீரிற் பாய்ந்தனர். ஐவர் மாண்டனர், ஏனையோர் கரை சேர்க்கப்பட்டனர். அந்நாளைக் ‘கறுப்பு ஞாயிறு’ என அந்நாட்டார் இன்றும் நினைவுகூர்வர்.

தொண்டராக விரும்புவோர் வெண்கலப் பதக்கத்துக்குரிய பயிற்சியை முடித்தல் வேண்டும். 400 மீற்றர் தூரத்தை 9 நிமிடத்துள் நீந்தவும், முதலுதவி செய்யவும், மூச்சு நின்றோர்க்கு மூச்சளிக்கவுங் கற்க வேண்டும். பின்னர், சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் இரண்டை நட்டு, அவற்றிடையே நீராடுவோரைக் காவல் புரிய வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவோர் விரைவிற் களைத்து அமிழ்வர். அத்தகையோரைக் காலந் தாழ்த்தாது கண்டுகொள்வதே காவலரின் தலையாய கடமை.

இதனால் மனத்துக்கு விளைவது யாது? “மாமா, முன்னர் கடலைப் பார்த்தால் அந்த ஒரு நாளே தெரியும். இப்பொழுது நீந்துவோரின் தலைகள் தெரிகின்றன, அவற்றை எண்ணிக்கொண்டிருக்கிறேன்” என்றான் எம் மருமகன். புறத்தே ஊன்றிய கவனம், பழைய நினைவிலே சுழலும் மனத்துக்குச் சற்று ஓய்வளிக்கிறது. உடலின் களைப்பு உறக்கந் தருகிறது. குறித்த நாளிலே குறித்த குழுவினருடன் நிற்கும்போது தோழமை தானே வளர்கிறது. தன் துயரக் கதையைக் கூறித்தான் அங்கு இடம்பெற வேண்டுமென்பதில்லை. வராதுவிட்டால், “ஏன் வரவில்லை?” என்று கேட்க ஆளுண்டு. தனிமையுற்றவனுக்கு இக்கேள்வி பெரும் ஆறுதலன்றோ?

ஆயினும், இத்தொண்டில் இன்பமே உண்டென்று மயங்குதல் தகாது. காப்பாற்ற இயலாது போன உயிர் காவலர் நெஞ்சில் நெடுநாள் நிற்கும். அவ்வேளையில் அவர்க்கும் ஆற்றுவார் வேண்டும். மருத்துவத்துக்கு ஈடாகத் தொண்டைக் கொள்வதுந் தவறு. அதற்குத் துணையாகக் கொள்வதே முறை.

எம் மருமகனின் துயர் முற்றும் ஒழிந்ததென்று நாம் கூறோம். மார்கழி பிறந்தால் இன்றும் அவன் பேச்சுக் குறைகிறது. ஆனால் அம்மாதம் அந்நாட்டிற் கோடை; கரையிலே மக்கள் திரளுங் காலம். 26ஆந் திகதி அங்கு விடுமுறை நாள். அன்றும் அவன் காவலுக்குச் செல்கிறான்.

மாணவர்காள், யாவரும் கடலிற் பாய்தல் இயலாது. வாசிகசாலையோ, முதலுதவிப் படையோ, அயலிலுள்ள முதியவர் இல்லமோ, உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும் ஓரிடத்தைத் தேடிக்கொள்ளுங்கள். மனஞ் சோர்ந்த நாளிலும் அங்கு செல்லுங்கள்.