வலித்தல்

மஞ்சளாற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு நீர் என்பது அளந்து பேசப்படும் பொருள். தேவதானப்பட்டிக்கு அருகே, மலையடிவாரத்தில் உள்ள அணையின் முழு நீர்மட்டம் 57 அடி. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் 'எத்தனை அடி?' என்பதே எங்கள் ஊரின் நலவிசாரிப்பு. அந்த நீர் வயலுக்கு உரியது, விளையாட்டுக்கு அன்று. ஆகவே, நாற்பத்து மூன்றாம் வயதில் சென்னையில் படகு வலிக்கக் கற்கிறேன் என்று நான் சொன்னபோது, "நமக்கு எதுக்குய்யா தண்ணிக்குள்ள போற வேலை?" என்று அம்மா கேட்டது நியாயமே.

உடல் சொன்ன பதில் எளியது. இருபது ஆண்டுகள் கணினிமுன் அமர்ந்த உடம்பு. ஓடுவதற்கு முழங்கால் இடந்தரவில்லை. படகு வலிப்பது கையின் வேலை என்று கரையில் நிற்பவர்கள் எண்ணுவார்கள். பந்தயப் படகிலோ இருக்கை சக்கரங்களின்மேல் முன்னும் பின்னும் நகரும். பாதங்கள் ஒரு பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். துடுப்பு நீரைப் பற்றியதும் முதலில் உதைப்பவை கால்கள். பிறகு இடுப்பிலிருந்து உடல் சாயும். கடைசியில்தான் கைகள் இழுக்கும். தரையில் மோதும் அதிர்வு இல்லாததால் மூட்டுகளுக்கு இதம். நெஞ்சுக்கும் மூச்சுக்கும் நல்ல பயிற்சி. ஆனால் முதுகை வளைத்து இழுப்பவர்களை இடுப்புநோவு விடாது. நல்ல பயிற்றுநர் இன்றித் தொடங்கலாகாது. நீந்தத் தெரியாமல் படகில் ஏறவே கூடாது.

தமிழில் 'வலி' என்ற ஒரே சொல் நோவையும் ஆற்றலையும் குறிக்கிறது. குறளில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. 'வலித்தல்' என்றால் இழுத்தலும்கூட. இம்மூன்று பொருளும் ஓரிடத்தில் கூடுவதை நான் உணர்ந்தது விடிகாலை அடையாற்றில்தான். முதல் பத்து நிமிடம் ஆற்றின் நாற்றம். அதன்பின் மூச்சின் ஒலி மட்டும்.

உடல்நலத்தைவிடப் பெரிதாக நான் பெற்றது ஒன்றுண்டு. வலிப்பவர் செல்லும் திசைக்கு முதுகுகாட்டி அமர்கிறார். முன்னிருப்பவரின் முதுகுதான் அவர் காணும் உலகம். நால்வர் படகில் ஒருவர் மட்டும் தன் வலிமையைக் காட்ட முனைந்தால் படகு விரைவதில்லை, தள்ளாடுகிறது. அலுவலகத்தில் பிறரை முந்துவதையே திறமை என்று பழகியவனுக்கு இது புதிய பாடம்.

இந்தப் பாடத்துக்குச் சான்றாக நான் எப்போதும் நினைப்பது தத்து போகானலை. மகாராட்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில், வறட்சிக்குப் பேர்போன தளேகாவ் ரோகி என்னும் சிற்றூர்க்காரர். 2012-இல் படையில் சேர்ந்த பின்னரே துடுப்பைத் தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனிநபர் போட்டியில் 13-ஆம் இடம் பெற்றார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காய்ச்சலோடு தனிநபர் இறுதியில் வலித்துத் தோற்றார். மறுநாளே சவர்ண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோரோடு நால்வர் போட்டியில் தங்கம் வென்றார். முந்தைய நாள் துவண்ட உடலை மறுநாள் மூன்று தோழர்களின் தாளம் தாங்கிக்கொண்டது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

நம் பக்கத்தில் இவ்விளையாட்டு வசதிபடைத்தோரிடமே தங்கிவிட்டது. அடையாற்றின் மெட்ராஸ் படகுக் குழாம் 1867-இல் தோன்றியது. கொடைக்கானல் ஏரி அதற்கும் முன்னே, 1863-இல் உருவானது. எங்கள் ஊருக்கு அருகே காட்ரோட்டில் பிரியும் மலைப்பாதையில் ஏறினால் அந்த ஏரிக்குப் போய்விடலாம். எங்கள் ஊர்க்காரர்களும் அங்கே படகில் அமர்ந்ததுண்டு, கட்டணம் செலுத்திய பயணிகளாக.

அணை நீரில் பந்தயம் விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. படகு வலித்தலுக்கான பயிற்சி இயந்திரத்துக்கு ஒரு சொட்டு நீரும் வேண்டாம். பள்ளியின் ஓர் அறை போதும். தேர்ந்த வீரர்களும் பயிற்சியில் ஒரு பகுதியை அதில்தான் செய்கிறார்கள். எங்கள் பள்ளிகளில் நெடிய கைகால்களோடு கபடிக் களத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை ஒவ்வொரு விடுமுறையிலும் பார்க்கிறேன். அவர்களில் சிலரேனும் ஒருமுறை அந்த இருக்கையில் அமர்ந்து தம் வலி எவ்வளவு என்று அறியவேண்டும். அதன்பிறகு நீர் எங்கே கிடைக்கும் என்று அவர்களே தேடிக்கொள்வார்கள்.