காப்புப் பருவம்

தைப்பூசத்தையொட்டி எடப்பாடியிலிருந்து பழனிக்குக் காவடியுடன் நடந்து செல்லும் அடியார் மரபு பெரிது. முடியிறக்கிச் சந்தனம் பூசிய குழந்தையைக் கண்டதும் தந்தையரின் கை தானாகவே கைப்பேசியை எடுக்கும். ‘அடிக்கடி படம் எடுத்தால் கண்ணேறு படும்’ என்று வீட்டுப் பெரியோர் கடிந்தாலும் அவ்வாசை அடங்குவதில்லை.

அது இன்று பிறந்த ஆசையும் அன்று. பஞ்சாபைச் சேர்ந்த வடமொழி அறிஞர் உம்ராவ் சிங் ஷேர்கில் (1870–1954) புகைப்படக் கலையில் பெருவிருப்பம் கொண்டவர். 1913-இல் பிறந்த மகள் அம்ரிதாவைக் குழந்தைப் பருவம் முதலே படம் பிடித்துவந்தார். புகழ்பெற்ற ஓவியராக விளங்கிய அம்மகள், 1941-இல் தமது 28-ஆம் வயதிலேயே மறைந்தார். அதன்பின்னும் ஏறத்தாழ 13 ஆண்டுகள் வாழ்ந்த தந்தைக்கு, அவர் வளர்ந்த பருவங்கள் படங்களில் மட்டுமே எஞ்சின.

பிள்ளையின் பருவங்களைப் போற்றிவைக்க நம் முன்னோர் கண்ட வழி பிள்ளைத்தமிழ். செங்கீரை, சப்பாணி, முத்தம், அம்புலி என விரியும் அதன் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்பு. அழகைப் பாடுமுன் குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டுவது அது. மதுரை மீனாட்சியம்மையையே குழந்தையாக்கிப் பாடிய குமரகுருபரரும் அவ்வேண்டுதலை விடவில்லை.

படம் உருவைக் காக்கும். உயிரைக் காப்பவன் இறைவன். பெரியோர் கழிக்கும் திருஷ்டியும் அந்தக் காப்பின் தொடர்ச்சியே.